வான்கோழித் துப்பாக்கியின் கைப்பிடி

கமுதிப் பக்கத்திலிருந்து ராக்கம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் சம்யுக்தாவால் அந்த வழக்குக் கோப்பை மூட முடியவில்லை.

"மன்னிப்புப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறேன் தாயி. யாரோ செயில்ல கெடந்து எனக்கு என்ன ஆவப்போவுது? ஆனா சுட்டது யாருன்னு நெசத்தச் சொல்லிருங்க. பெரியவரு சுட்டாருன்னு சொல்றத என்னால நம்ப முடியல. அந்த மனுசனுக்கு ஈச்சம்பழத்தக்கூட எம் புருசந்தேன் எடுத்து வாயில வைப்பாரு. துப்பாக்கிய எப்புடித் தூக்குனாரு?"

கைப்பேசியில் அந்தக் குரல் அழவில்லை. அழுகை தீர்ந்துபோன இடத்திலிருந்து வந்தது.

சம்யுக்தா ஷார்ஜாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மரணங்களை விசாரிப்பவள். அதிகம் பேசமாட்டாள். எதிரில் இருப்பவர் சொல்லி முடித்த பிறகும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் அவர் இன்னும் ஏதாவது சொல்வார். அதில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

ராக்கம்மாவின் புருஷன் கார்மேகத்தின் வழக்கில் சொல்ல வேண்டியதை எல்லோரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மஸாஃபி தாண்டி மலைக்குள் அபூ ஜைத் என்ற பெரியவரின் பண்ணை. இளமையில் அமெரிக்கா போய் வான்கோழி வேட்டை பழகி வந்த மனிதர். திரும்பியதும் வேலி போட்ட ஓடைப் பள்ளத்தில் வான்கோழிகளை வளர்த்து விட்டு, குளிர்காலத்தில் அங்கேயே வேட்டையாடினார். கார்மேகத்துக்கு அவற்றைத் தீனி போட்டு வளர்க்கும் வேலை. அதோடு இன்னொன்று. பெட்டைக் கோழியின் குரலை அவன் தொண்டையிலேயே எழுப்புவான். ஆண்பறவை மயங்கி வரும். போன வியாழக்கிழமை விடியலில் அவன் குண்டடிபட்டு இறந்தான். "பறவை என்று நினைத்து நான்தான் சுட்டேன்" என்றார் பெரியவர். அங்கே இருந்த இன்னொரு வேலையாள் ஐயப்பனும் அதையே சொன்னான்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த கிழவர் எப்படிச் சுட்டார் என்ற கேள்விக்கும் போலீஸிடம் பதில் இருந்தது. அந்தத் துப்பாக்கிக்குப் புதிதாக, தனிக் கைப்பிடி வைத்த, தோளில் ஊன்றும் பின்கட்டை ஒன்றை மாட்டியிருந்தார்கள். பலவீனமான கைக்கு வசதி. எல்லாம் பொருந்தியது. இன்று சாயங்கால விமானத்தில் சவப்பெட்டி மதுரைக்குப் போகிறது. கூடப் போவது ஐயப்பன்.

"அந்தக் கட்டையை வாங்கிய கடைக்குப் போகலாம்" என்றாள் சம்யுக்தா.

"புஜைராவுக்கா மேடம்? துப்பாக்கிக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, சம்பள உயர்வு கேட்டதை மனசுல வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

வண்டியை ஓட்டியவன் ஜாபர் சாதிக். கீழக்கரைக்காரன். பெயருக்கு டிரைவர், உண்மையில் உதவியாளன். பனைமரம் போல வளர்ந்த உடம்பை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தான். மலைப்பாதையில் சிக்னல் கிடைத்த ஒரு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, போலீஸ் எடுத்திருந்த, கார்மேகத்தின் உடல் கிடந்த படத்தை அவன்தான் திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஒண்ணு உறுத்துது மேடம். ரூம்ல ஏசியக் கொஞ்சம் கூட்டினாலே நம்ம ஆளுங்க பாதிப் பேரு தலையில துண்டைக் கட்டிடுவாங்க. இது மலை. விடியக்காலைக் குளிரு. மனுஷன் ஸ்வெட்டர் போட்டிருக்காரு, காலுறை போட்டிருக்காரு. தலையில மட்டும் ஒண்ணுமில்ல."

சம்யுக்தா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே பழுப்பு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டிருந்தன.

*

காதர் மைதீனின் கடை துறைமுகச் சாலைக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் கூடாரம், தூண்டில், ராஜாளிக்குப் போடும் தோல் முகமூடி. பின்பக்கம் பூட்டிய அறை. அதற்கான அரசு உரிமம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. காதர் மைதீன் காயல்பட்டினத்துக்காரர், அறுபது வயதிருக்கும்.

"போலீஸ்கிட்டயே சொல்லிட்டேனே அம்மா. அவர் லைசென்ஸ், அவர் துப்பாக்கி. நேர்ல வந்து கட்டையை மாத்திட்டுப் போனார். நல்ல கை, நல்ல மனசு. காலம் இப்படிப் பண்ணிடுச்சு."

"பழைய கட்டைக்கு என்ன குறை?"

"குறையே கிடையாது. பறக்குற பறவைக்கு அதுதான் சரி, துப்பாக்கியைச் சுழட்டணுமில்லையா? வான்கோழிக்குச் சுழட்டுற வேலையே இல்ல. மரத்துல முதுகைச் சாய்ச்சு, முழங்காலை மடக்கி, துப்பாக்கியை அதுமேல வச்சுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கணும். எவ்வளவு நேரமானாலும். அப்படி உக்காந்து நேர் கட்டையைப் பிடிச்சா மணிக்கட்டு முறுக்கிட்டு நிக்கும். கைப்பிடி தனியாக் கீழே இறங்கி இருந்துச்சுன்னா, ஒருத்தருக்குக் கை குடுக்குற மாதிரி வலியில்லாம நிக்கும்."

"சினிமாப் படத்துல தோள்ல வைக்கிற கட்டையே இல்லாம, வெறும் கைப்பிடியோட இடுப்புலேருந்து சுடுறாங்களே காக்கா?" என்றான் ஜாபர். அவர்கள் ஊர்ப்பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

"படத்துல மணிக்கட்டு ஒடிஞ்சா அடுத்த காட்சியில சரியாயிடும் தம்பி. இங்க மாவுக்கட்டு போடணும்."

அன்று அபூ ஜைத்துக்குக் காட்டிய கட்டைகளையே மேசைத் துணியில் பரப்பினார். முதலாவது மரத்தால் ஆனது, பெருவிரலை நுழைக்க ஓட்டை வைத்தது. கையுறை போட்டால் சிக்கும் என்று பெரியவர் ஒதுக்கிவிட்டார். இரண்டாவது பார்க்க அழகு. தோளில் பதியும் ரப்பர் மட்டும் நல்ல சிவப்பு. மூன்றாவது சேற்று நிறத்தில் சோம்பலாகக் கிடந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

"சிவப்பு ஜம்முனு இருக்கே காக்கா. எதுக்கு வேணாம்னாரு?"

"அதைப் பார்த்ததுமே கோபம் வந்துடுச்சு அவருக்கு. ஆண் வான்கோழியோட தலையைப் பார்த்திருக்கியா? சிவப்பு, வெள்ளை, கொஞ்சம் நீலம். வேட்டைக்குப் போறவன் உடம்புல அந்த நிறம் ஒரு கைக்குட்டை அளவுகூட இருக்கக் கூடாது. புதருக்குள்ள தெரிஞ்சா, அடுத்தவன் பறவைன்னு நெனச்சுடுவான்."

சம்யுக்தா அந்தச் சிவப்பு ரப்பரை விரலால் ஒருமுறை தொட்டாள்.

"அவருக்கு எப்படிப் பூட்டினீங்களோ, அதே மாதிரி இந்த மூணாவதைப் பூட்டிக் காட்டுங்க."

பழகுவதற்காக வைத்திருந்த மரத் துப்பாக்கி ஒன்றை காதர் மைதீன் எடுத்தார். மூன்றாவது கட்டையை அதில் பொருத்தி, கடைசித் திருகாணிக்காக இழுப்பறையைத் திறந்தபோது சம்யுக்தா உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தகடுகள் சில ஒன்றாகச் சேர்த்து நாடாவால் சுற்றியிருந்தன. நாடாவின் மேல் பேனாவால் அபூ ஜைத்தின் பெயர்.

"இது என்ன?"

"கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவுல வைக்கிற தகடு. கை நீளமான ஆளுக்கு வச்சு நீளம் கூட்டுவோம். அவர் எடுத்துக்கிட்ட கட்டையோட வந்தது."

"அபூ ஜைத் உயரமானவர்தானே?"

"நம்ம தம்பி அளவுக்கு இருப்பார்."

"அப்புறம் எல்லாத் தகடும் இங்கேயே இருக்கே?"

காதர் மைதீனின் கையில் திருகாணி நின்றது. சம்யுக்தா அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஜாபரைப் பார்த்தாள். அவன் தகடு இல்லாத மரத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்து, சுவரில் இருந்த ஒட்டகப் படத்தைக் குறிபார்த்தான்.

"ஆ!"

அவனுடைய கட்டைவிரல் மூக்கிலேயே இடித்துவிட்டது.

"சுடாமலே எனக்கு இந்த அடி" என்று மூக்கைத் தடவினான். "சுட்டிருந்தா எங்க உம்மா என்னை அடையாளம் கண்டிருக்க மாட்டாங்க. மேடம், இது என் உயரத்து ஆளுக்குத் தைச்ச சட்டை இல்ல."

வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. காதர் மைதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போலீஸ் இந்தக் கேள்வியைக் கேட்கல அம்மா. நானாச் சொல்லவும் தைரியம் வரல. சொன்னா கடை போயிடும். அர்பாப், அதான் அவங்க முதலாளி, அந்த நாற்காலியில உக்காந்துட்டார். கூட ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் சிரிச்ச முகம். கடைக்குள்ளேயே வான்கோழி மாதிரிக் கூவிக் காட்டினான். வாசல்ல நின்ன பூனை ஓடிப்போச்சு. இன்னொருத்தன் குள்ளம், வாயே திறக்கல. அவனுக்குத்தான் அர்பாப் அளவெடுக்கச் சொன்னார். சைட்ல விழுந்து வலது மணிக்கட்டுல இரும்புத் தகடு வச்சிருக்காங்களாம் அவனுக்கு. நேர் கட்டையை அவனால மடக்கிப் பிடிக்க முடியாது. அதுக்காகத்தான் இந்தக் கைப்பிடி. 'இனிமே என் கை இவன்தான்'னு அர்பாப் சொன்னார். அடுத்தவன் பேர்ல இருக்கிற துப்பாக்கியை இவன் தொட்டாலே இங்க ஜெயில். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வயசான காலத்துல ஒரு ஆசைன்னு விட்டுட்டேன்."

"தவறி வெடிச்சிருக்குமா?" என்று கேட்டாள் சம்யுக்தா. அவள் குரலில் ஒரு வேண்டுதல் இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "அந்தத் துப்பாக்கிக்கு, வெடிக்காமத் தடுக்குற பூட்டு மேல்பக்கம், பின்னால. இந்தக் கைப்பிடியைப் பிடிச்ச கைக்குக் கட்டைவிரல் அங்க எட்டாது. பிடியை விட்டு, பூட்டைத் தள்ளி, திரும்பப் பிடிக்கணும். வேற கட்டை போட்டுக்கோங்கன்னு அர்பாப்கிட்ட சொன்னேன். 'நல்லது, அவசரப்பட்டுச் சுட மாட்டான்'னு சிரிச்சார்."

வண்டியில் ஏறிய பிறகு ஜாபர் சாவியைத் திருப்பவில்லை.

"அப்போ ஐயப்பன் நிதானமா, பூட்டை எடுத்து, குறி பார்த்துத்தான் சுட்டிருக்கான். மேடம்... கொன்னவனேதான் பெட்டியோட போய் அந்தப் பொம்பளை வாசல்ல நிக்கப்போறானா?"

*

பண்ணை வீட்டு முற்றத்தில் சக்கர நாற்காலியில் அபூ ஜைத் வெயிலில் உட்கார்ந்திருந்தார். வயதையும் உடல்நிலையையும் பார்த்துப் போலீஸ்காரர்கள் அவரை வீட்டிலேயே இருக்க விட்டிருந்தார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கி. மடியில் உயிரில்லாத வலது கை. தலையில் ஒன்றும் இல்லை. நரைத்த மயிர் காற்றில் பறந்தது. அந்நியர் வரும்போது அந்த வயது அரபி ஒருவர் வெறுந்தலையோடு இருந்து சம்யுக்தா பார்த்ததில்லை. அவள் சலாம் சொன்னாள். அவர் பதில் சொல்லிவிட்டு மலையைப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். போலீஸ் படத்தில் ஒரு வெறுந்தலை. இங்கே இன்னொன்று.

வேலையாட்கள் அறையில் ஐயப்பன் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கார்மேகத்தின் சாமான்கள். மேலே கறுப்பு மையில் ஊர் விலாசமும், கொண்டுபோகிறவன் என்று தன் பெயரும் எழுதியிருந்தான். கயிற்றை இடது கையால் இறுக்கினான். வலது மணிக்கட்டு ஒரு குச்சி போல நீட்டியபடியே நின்றது.

"உக்காருங்க மேடம். வண்டி வந்துரும்."

"காதர் மைதீன் கடைக்குப் போயிட்டு வர்றோம் ஐயப்பன்."

கயிறு கையிலிருந்து நழுவியது. ஆனால் அவன் நிமிரவில்லை.

சம்யுக்தா தரையில் விரித்திருந்த பாயில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜாபர் கதவோரம் நின்றான். பட்டியிலிருந்து வான்கோழிகளின் குரல் கேட்டது. ஒவ்வொரு குரலுக்கும் ஐயப்பனின் தோள் குறுகியது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கார்மேகம் அன்னைக்குத் தலையில என்ன கட்டியிருந்தார்?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகை வர வெகுநேரம் ஆயிற்று. பிறகு எழுந்து, தன் சொந்தப் பையின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். துவைத்து மடித்த துணி. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. அரபிகள் தலையில் அணியும் குத்ரா.

"அர்பாப்போடது மேடம். குளிருக்கு அவுக தலையிலேருந்து அவுத்து அவனுக்குக் குடுத்தாக. அவன் நம்மூரு தலைப்பா மாதிரிச் சுத்திக்கிட்டான். எப்பவும் எங்களுக்குப் பின்னால உக்காந்துதேன் கூவுவான். அன்னைக்குச் சேவல் கிட்ட வரல. அர்பாப் சைகை காட்டி, சுத்திப் போயி ஓட்டிட்டு வான்னு அனுப்பிட்டாக. நான் முன்னாடி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் போனது எனக்குத் தெரியாது."

"அவன் போனப்போ அர்பாப் ஏன் உன்கிட்ட சொல்லல?" என்றான் ஜாபர்.

"வேட்டையில பேசக்கூடாதுல்ல. அவுக நாக்கும் முன்ன மாதிரி இல்ல, ஒரு சொல்லு வர நேரமாவும்." மூச்சு வாங்கினான். "புதருக்குள்ளேருந்து வான்கோழிக் குரல் வந்துச்சு. அவன் எனக்குப் பின்னால இருக்கான், இது நெசப் பறவைன்னுதேன் நெனச்சேன். நான் சுடல. குரலுக்குச் சுடக்கூடாது, தலை தெரிஞ்சாத்தேன் சுடணும்னு அர்பாப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாக. காத்திருந்தேன். பிடியை விட்டேன், பூட்டைத் தள்ளுனேன், திரும்பப் பிடிச்சேன். அப்பவும் காத்திருந்தேன். புதருக்கு மேல சிவப்பும் வெள்ளையுமா அசைஞ்சுச்சு." அவன் சம்யுக்தாவை முதன்முறையாகப் பார்த்தான். "தலை தெரிஞ்சுச்சு மேடம்."

ஜாபர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே திரும்பினான்.

"அர்பாப்தான் துப்பாக்கியை இழுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாக. நீ ஒண்ணும் தொடல, நான் சுட்டேன், கலாஸ், முடிஞ்சிருச்சுன்னு சொன்னாக. அவுக துணின்னு தெரிஞ்சா பழி இன்னும் கூடுமேன்னு அதை எடுத்து ஒளிச்சது நாந்தேன். 'நான் அனுப்பினேன், நான் குடுத்த துணி, என் துப்பாக்கி. அப்புறம் நீ எங்கே சுட்டே?'ன்னு அழுதாக. அன்னையிலேருந்து தலையில ஒண்ணும் போடுறதில்ல."

சம்யுக்தா குத்ராவை விரிக்கவில்லை. அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொலைகாரனைத் தேடி மலையேறி வந்தவள் அவள். இப்போது அறையில் அப்படி ஒருவனையும் காணோம்.

"இதை மறைச்சுட்டு ராக்கம்மா முன்னால போய் எப்படி நிப்பீங்க?"

"தெரியல மேடம். அவன் தனியாப் போகக்கூடாதுன்னு மட்டுந்தேன் நெனச்சேன்."

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. சுட்டது யாருன்னு. நான் போய்ச் சொல்றது சரியா இருக்காது."

அவள் எண்ணை அழுத்திக் கைப்பேசியை அவன் முன்னால் பாயில் வைத்தாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"யாரு? தாயியா?"

ஐயப்பன் கைப்பேசியின் பக்கம் குனிந்தான். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கி அடங்கியது.

"மதினி."

"ஐயப்பன் தம்பியா?"

"நாந்தேன் மதினி." சற்று நின்று, "நாந்தேன்" என்றான் மறுபடி. இரண்டாவது சொன்னது முதலாவதைப் போல இல்லை. ராக்கம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. பிறகு அவன் குரலையும் துணியையும் புதரையும் பற்றிச் சொன்னான். எதையும் விடவில்லை.

அந்தப் பக்கம் குழந்தையை யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அவரு கூவுனது அம்புட்டு நெசமாவா இருந்துச்சு?"

"ஆமா மதினி."

"இங்கேயும் அப்புடித்தேன். கூவுனாருன்னா எங்க வீட்டுக் கோழியெல்லாம் எந்திரிச்சு ஓடியாரும்." நிறுத்தினாள். "தாயி, கேக்குதா?"

"கேக்குது" என்றாள் சம்யுக்தா.

"அந்தப் பெரியவரு பேர அடிச்சுட்டு நெசப் பேர எழுதச் சொல்லுங்க. அந்தப் பேருக்குத்தேன் கையெழுத்துப் போடுவேன். பொய்ப் பேருக்குப் போட்டா, நான் யாருக்குப் போட்டேன்னு எனக்கே தெரியாமப் போயிரும்." மூச்சை இழுத்துவிட்டாள். "தம்பி, மன்னிச்சேன்னு சொல்ல இப்ப வாய் வரல. கையெழுத்துப் போட்டுருவேன். வாய் வர்றப்ப சொல்றேன்."

தொடர்பு அறுந்தது.

ஜாபர் உள்ளே வந்து அட்டைப்பெட்டியின் பக்கத்தில் குந்தினான். பேனாவை எடுத்து, ஐயப்பன் என்று எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினான்.

"சாயங்காலத்துக்கு ஒரு டிக்கெட் கிடைக்குதான்னு பார்க்குறேன் மேடம். அவரைத் தனியா அனுப்ப வேணாம்."

அவள் தலையசைத்தாள்.

போலீஸ் நிலையத்துக்குப் போக ஐயப்பன் மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை. முற்றத்தைக் கடக்கும்போது நின்றான். முதியவரின் நாற்காலிக்கு அருகே முழங்காலிட்டு அரபியில் ஏதோ சொன்னான். அவர் முதலில் இடது கையால் அவனைத் தள்ளினார். பிறகு அதே கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

சம்யுக்தா குத்ராவை அவர் மடியில் வைத்தாள். சாட்சிப் பொருள் அது, அவள் கொண்டுபோக வேண்டியது. கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. அவர் அதைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை.

பக்கத்து முக்காலியில் தட்டு ஒன்று காலையிலிருந்து தொடப்படாமல் இருந்தது. ஐயப்பன் அதிலிருந்து ஒரு ஈச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, இடது கையால் அவர் வாயருகே நீட்டினான். முதியவர் நெடுநேரம் உதடுகளை இறுக்கி வைத்திருந்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.